நூற்றெண்பது கிராம்

மூன்று வாரமாக என் சமையலறைத் தராசு
மாவைப் பார்க்கவில்லை.
வின்கோ தன் வானொலி நிலையத்தைத்
துண்டு துண்டாக அதன்மேல் வைத்து எடுக்கிறான்.

பெட்டியின் இரும்பு மூடியைக் கழற்றினான், நாற்பத்தொரு கிராம்.
அந்த இடத்தில் தயிர் டப்பா மூடியை வெட்டி ஒட்டினான்.
திரைக்குப் பின்னால் எரியும் விளக்கின் கம்பியை நறுக்கினான்.
பகலில் எதற்கு விளக்கு, பேட்டரி அரை மணி கூட மூச்சு விடும் என்றான்.
ஒலிபெருக்கியும் போயிற்று. காதுக்குமிழ் போதுமாம்.

யெசெனித்சே உருக்காலையில்
டன் கணக்கில் தகடு உருட்டுகிறவன்
ராத்திரி ஒரு திருகாணியைக் குறைத்துவிட்டு
என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

இருமல் மிட்டாய் டப்பாவுக்குள் ஒரு ஃபெரைட் வளையம்.
செம்புக் கம்பி இந்தப் பக்கம் இரண்டு சுற்று,
அந்தப் பக்கம் பதினான்கு.
எண்ணும்போது நான் கூப்பிடக் கூடாது.
கூப்பிட்டேன். முதலிலிருந்து சுற்றினான்.

கம்பத்துக்கு மீன்தூண்டில் கழி, நுனி மட்டும் உருவி.
மோர்ஸ் சாவிக்கு உடைந்த ரம்பத் தகடு.
இருபது மீட்டர் கம்பியைச் சுற்றி வைக்க
ஒரு சட்டம் தேடினான்.
என் காய் நறுக்கும் பலகை
அன்றைக்கு இரண்டாகப் போனது.

இவ்வளவும் ஐந்து வாட்டுக்கு.
என் ஃபிரிட்ஜுக்குள் எரியும் குண்டு பல்புக்கே
அதைவிடப் பசி.

பென்சிலைப் பாதியாக்கினான். அப்புறம் கால்.
கைப்பேசியை வைத்துப் பார்த்தான், நூற்றெண்பது கிராம்.
அது மேசைமேலேயே நின்றுவிட்டது.
தராசில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு.
ஆயிரத்துக்குக் கீழே, மிலோய்கா, ஆயிரத்துக்குக் கீழே!

காலணி கட்டக் குனிந்தான்.
எங்கள் மரத்து ஆப்பிள் ஒன்றை
அவன் பைக்குள் தள்ளினேன்.
சொல்லவில்லை.

ஸ்தோல் என்றால் எங்கள் மொழியில் நாற்காலி.
ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உட்கார இடமில்லை.
முதுகு ஆஸ்திரியாவில், கால் இங்கே,
காற்று இரண்டு நாட்டுக்கும் பொது.
சைக்கிள் டியூப் பட்டையால் கழியைக் கட்டி,
கம்பியைச் சரிவில் இழுத்து,
முழங்காலில் சாவியை வைத்து அழைத்திருக்கிறான்.

உடனே பதில். கிராக்கோவ்.
எழுதக் கை போனது. பென்சில் இல்லை.

(கால் பென்சில் என் தராசுத் தட்டில் கிடந்தது.
தட்டு அதை உணரவே இல்லை, முள் பூஜ்யத்தில்.)

உச்சிப் பதிவேட்டோடு கட்டிய பேனாவில் மை செத்திருந்தது.
நான்கு பேர் பதில் சொன்னால்தான் மலை கணக்கில் சேரும்,
நான்கு பேரையும் எழுதி வைத்தால்தான்.
பையைக் கவிழ்த்தான்.
உருண்டு வந்தது என் துரோகம், சிவப்பாக.

செம்புக் கம்பி முனையால் தோலில் கீறினான்.
கிராக்கோவ். சாந்தாந்தேர்.
ஃபின்லாந்துத் தீவு ஒன்றில் காருக்குள் இருந்த யாரோ.
அப்புறம் நான்காவது.
பசி. கையில் பழம். கடிக்க முடியாது.
இறங்க நான்கு மணி நேரம்
அதைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் விளக்கடியில் பார்த்தோம்.
கீறல்கள் பழுப்பேறி,
சுட்ட ரொட்டியில் போட்ட முத்திரை மாதிரி தெளிவாக இருந்தன.
நான்காவதில் மட்டும் கடைசி எழுத்து இருந்த இடத்தில் பள்ளம்.
உச்சியில் திரியும் மஞ்சள் மூக்குக் காக்கை,
அவன் கம்பி சுருட்டியபோது
வந்து கொத்தியிருக்கிறது.

வின்கோ கண்ணை மூடினான்.
விரல் மேசையைத் தட்டியது,
நிறுத்தியது, மறுபடி தட்டியது.
டா டிட் டா.
கே! அது கே தான்!
தனியாக அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா?
நான் முடித்துவிட்டேன், இனி நீ பேசு.

சொல்லிவிட்டு, கண்ணைத் திறந்து,
என்னைப் பார்த்தான்.

பேசினேன்.
தராசைக் கழுவி
எடுத்த இடத்தில் வை.